கொசு ஆபீஸ் காத்தவராயன்

காத்தவராயன் தாலி கட்டிய மூன்றாம் நாள், பெண்ணைப் பார்க்க வந்த சித்தி, மணப்பெண் சொர்ணத்தைத் தனியே கூப்பிட்டு, மாப்பிள்ளையின் முதுகிலும் கைகாலிலும் அத்தனை தடிப்பு இருக்கிறதே, அம்மையா, சொறியா என்று கேட்டாள். சொர்ணம் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். ஒரு தடிப்பு இல்லை. அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஓர் ஏரிக்கரையில், ஏரியில் வலை போடுகிற குடும்பத்தில் பிறந்து, பதினெட்டு வயது வரைக்கும் கொசுக்கடியோடு தூங்கி எழுந்தவள் அவள்.

"எல்லாம் அவரயே கடிச்சிட்டுப் போய்டுது சித்தி. எங்கிட்ட ஒண்ணுகூட வர்ல" என்றாள்.

சித்தி அந்தக் கைகளைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

இது நடந்தது அறுபத்தாறாம் வருஷம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஒரு குப்பத்தில் காத்தவராயனுக்கு வீடு. கிழக்கே கடற்காற்று, மேற்கே கால்வாய்ச் சேறு. காற்று விழுந்த மாலைகளில் கால்வாய்க் கொசுக்கள் கூட்டமாகக் கிளம்பி வரும். வந்து, வழியில் யார் இருந்தாலும் தாண்டிப்போய், காத்தவராயன் மேல் உட்காரும். பக்கத்தில் இருப்பவர்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது. வியர்வை வாடை என்றார்கள், ரத்தம் இனிப்பு என்றார்கள். சுறாப்புட்டு அதிகம் சாப்பிடுவதால் என்றும் ஒரு கட்சி இருந்தது.

காத்தவராயனுக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. கடித்துக் கடித்துத் தோல் பழகிவிட்டது. அதுவுமில்லாமல் குப்பத்தில் அவனுக்கு இருந்த மதிப்பு வேறு யாருக்கும் இல்லை. காதுகுத்து, வளைகாப்பு, பஞ்சாயத்து, கூத்து, சாவு, எதுவானாலும் முதல் அழைப்பு அவனுக்குத்தான். அவன் வந்து உட்கார்ந்த பிறகே காரியம் தொடங்கும். கால்வாய்ப் பக்கத்து ஓரத்தில் அவனுக்கென்று நல்ல நாற்காலியாக ஒன்று போட்டுவைத்திருப்பார்கள். எழுந்து போகப் பார்த்தால் நாலு பேர் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். தன் பேச்சில் ஏதோ இருக்கிறது, அதுதான் ஜனங்கள் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவன் பேசுவதும் அதிகம்.

எழுபத்து மூன்றில், கட்டுமரத்தைக் கரையேற்றும்போது ஓர் அலை மரத்தோடு சேர்த்து அவனைப் புரட்டிப் போட்டது. வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. கட்டுப் போட்டு சரியான பிறகும் துடுப்பு வலிக்க முடியவில்லை. சொர்ணம் கூடை தூக்கி மீன் விற்கப் போனாள். காத்தவராயன் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு வருஷம் போனது.

அடுத்த வருஷம் மாமல்லபுரத்தில், திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், ஒரு வாடகை வீட்டின் முன்னால் ஜீப் வந்து நின்றது. இரண்டு முழ நீளத்துக்கு இங்கிலீஷ் பெயர்ப்பலகை மாட்டினார்கள். பலகையை முழுக்கப் படித்தவர்கள் யாரும் இல்லை; ஊர் அதற்கு 'கொசு ஆபீஸ்' என்று பெயர் வைத்துவிட்டது. கொசுவும் உண்ணியும் மனிதர்களுக்குக் கொண்டுவருகிற புதுப்புதுக் காய்ச்சல்களின் வைரஸ்களைத் தேடிப் பிடிப்பது அந்த ஆபீஸின் வேலை. தலைமை டாக்டர் தேசிகன். செங்கல்பட்டுக்காரர், நாற்பத்தைந்து வயது, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், சட்டைப்பையில் எப்போதும் ஓர் அளவுகோல். எதையும் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கொசு பிடிக்க ஆறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். தேர்வு ஆபீஸின் பின்கட்டில் ஒரு சாயங்காலம் நடந்தது. முழங்கால் வரை வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார வேண்டும். காலில் கொசு வந்து உட்கார்ந்ததும், கடிப்பதற்குள், கண்ணாடிக் குழாயை அதன் மேல் வைத்து, மறுமுனையில் உள்ள ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். நடுவில் வலைத்துணி இருப்பதால் கொசு வாய்க்குள் போகாது. பிடித்ததைச் சோதனைக் குழாயில் ஊதிவிட்டுப் பஞ்சால் அடைக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மற்றவர்கள் நாலு, ஐந்து என்று பிடித்தார்கள். கோவளத்திலிருந்து வந்த ஆபிரகாம் என்பவர் ஆறு பிடித்து நல்ல பேர் வாங்கினார். காத்தவராயன் ஐம்பத்திரண்டு பிடித்துவிட்டு, இன்னும் குழாய் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டான்.

தேசிகன் அவன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலை பொத்துகிற கை, அதனால்தான் இவ்வளவு சுறுசுறுப்பு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்றே வேலை கொடுத்தார்.

காத்தவராயனுக்கு வேலை பிடித்திருந்தது. காக்கிச் சட்டை, சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச், தோளில் தொங்கும் பை, வாரத்துக்கு ஒரு கசப்பு மாத்திரை. கொசுவின் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷம் இருக்கிறது, அதைத் தேடித்தான் சர்க்கார் தன்னை வைத்திருக்கிறது என்று சொர்ணத்துக்கு விளக்கினான். கண்ணுக்குத் தெரியாததை எப்படித் தேடுவீர்கள் என்று அவள் கேட்டாள். அதற்குச் சுண்டெலிக் குட்டிகள் இருக்கின்றன என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

ஒரே ஒரு முறைதான் அவனுக்கு அவமானமாகப் போனது. ஆபீஸில் உண்ணி ஆராய்ச்சியும் உண்டு. வெள்ளைத் துணியைப் புதர்க்காட்டில் இழுத்துக்கொண்டு நடந்தால் உண்ணிகள் துணியிலும் நடப்பவன் காலிலும் ஒட்டிக்கொள்ளும், பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். கொசுவில் இப்படியென்றால் உண்ணியில் எப்படியிருப்பான் என்று தேசிகன் அவனைத் திருக்கழுக்குன்றத்துப் புதர்களுக்கு அனுப்பினார். மூன்று நாள் நடந்தான். ஆபிரகாம் காலில் பதினேழு உண்ணி. காத்தவராயன் காலில் ஒன்றுகூட இல்லை. நாலாம் நாள் அவனே புதரில் போய் உட்கார்ந்து பார்த்தான். உண்ணிகளுக்கு அவனைக் கண்டால் ஆகவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் யாரோடும் பேசாமல் வந்தான்.

எழுபத்தைந்து ஜனவரியிலிருந்து கொசு வேலை முறைப்படி தொடங்கியது. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் ஆரம்பித்து மாமல்லபுரம், பட்டிபுலம், நெம்மேலி, திருவிடந்தை, கோவளம் என்று ஆறு ஊர். ஊருக்கு ஓர் ஆள். தினம் பொழுது சாய்ந்ததும் ஒரு மணி நேரம் பிடிப்பது. ஒரே ஊரில் ஒரே ஆள் இருந்தால் ஆளின் திறமை கணக்கைக் கெடுத்துவிடும் என்று தேசிகன் கவலைப்பட்டார். அதனால் மாதம் பிறந்ததும் ஒவ்வொருவரும் ஓர் ஊர் வடக்கே நகர வேண்டும், கோவளத்தில் இருப்பவர் சதுரங்கப்பட்டினத்துக்கு வரவேண்டும் என்று அட்டவணை போட்டார். அவரே கோடு போட்டு, அவரே மசி தொட்டு எழுதிய அட்டவணை அது. காத்தவராயனுக்கு ஜனவரியில் சதுரங்கப்பட்டினம் விழுந்தது.

சுவரில் கடற்கரையின் பெரிய வரைபடம். எங்கே கொசு அதிகமோ அங்கே சிவப்புத் தலை ஊசி. ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில் ஊசிகள் குவிந்தன. பிப்ரவரியில் அங்கே ஒன்றுமில்லை, மாமல்லபுரத்தில் குவிந்தன. மார்ச்சில் பட்டிபுலம். ஏப்ரலில் நெம்மேலி. தேசிகன் வரைபடத்தின் முன்னால் காபி ஆறுவது தெரியாமல் நின்றார். மே மாதம் ஊசிகள் திருவிடந்தைக்குப் போனபோது அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது. கொசுக்கள் கூட்டமாகக் கால்வாய் வழியே வடக்கு நோக்கிப் பயணம் செய்கின்றன. உலகத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை.

ஆபீஸில் நுண்ணோக்கி வேலை பார்த்தவள் வத்சலா. அவளும் செங்கல்பட்டுதான், தினம் காலை பஸ்ஸில் வருவாள். வருகிற கொசுக்களை ஐஸ் தட்டின் மேல் பரப்பி, இன்ன இனம், ஆணா பெண்ணா, ரத்தம் குடித்ததா இல்லையா என்று பிரித்து எண்ணுவாள். குழாய்களில் பிடித்தவரின் முதலெழுத்து ஒட்டியிருக்கும். ஜூன் மாதம் அவள் தயங்கித் தயங்கி தேசிகனிடம் போய், கா.ரா. என்று ஒட்டிய குழாய்கள் மட்டும்தான் எப்போதும் நிறைந்து வருகின்றன என்றாள்.

"அவன் கைப்பழக்கம் அப்படிம்மா" என்றார் தேசிகன்.

"கைப்பழக்கம்னா ரெண்டு மடங்கு இருக்கலாம் சார். இது பத்து மடங்குக்கு மேல இருக்கு. அவரைத் தேடி வந்து கடிக்கிறதோன்னு..."

"ஆள் பார்த்து அளந்து போட அதென்ன ரேஷன் கடையா? கொசுவுக்கு எல்லா ரத்தமும் ஒண்ணுதான்."

வத்சலா திரும்பிப் போய் ஐஸ் தட்டைத் துடைத்தாள்.

தேசிகன் பெங்களூரில் ஒரு மாநாட்டில் கட்டுரை படித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. ஒரு பத்திரிகை, மாதத்துக்கு ஐந்து மைல் வேகத்தில் கொசுப்படை ஒன்று சென்னையை நோக்கி வருகிறது என்று போட்டது. ஜூனில் கோவளம் என்றால் அடுத்தது எது என்று நகரத்து சுகாதாரக்காரர்கள் கூட்டிப் பார்த்தார்கள். ஜூலை முதல் வாரம் திருவான்மியூர்க் கால்வாய்ப் பாலத்தில் எட்டுப் பேரைப் புகை இயந்திரங்களோடு நிறுத்தினார்கள். எட்டு நாள் தெற்கே பார்த்து நின்றார்கள். படை வரவில்லை. ஏனென்றால் ஒன்றாம் தேதியே காத்தவராயன் அட்டவணைப்படி பஸ் ஏறிச் சதுரங்கப்பட்டினத்துக்கு வந்துவிட்டான். ஊசிகளும் அங்கே வந்துவிட்டன. இரண்டாவது அலை என்று தேசிகன் எழுதினார்.

இதற்குள் டெல்லியில் பேச்சு பரவி, ஐந்து பேர் கொண்ட குழு நேரில் பார்க்கக் கிளம்பியது. தலைவர் உண்ணி நிபுணர். கர்நாடகத்துக் காடுகளில் பதினைந்து வருஷம் உண்ணி பொறுக்கியவர், வயதானவர், அதிகம் பேசமாட்டார். அக்டோபர் கடைசியில் வருவதாகத் தகவல் வந்தது. கணக்குப்படி அக்டோபரில் அலை நெம்மேலியில் இருக்கும். தேசிகன் நெம்மேலிக் கால்வாய்க் கரையைச் சுத்தம் செய்யச் சொல்லி ஐந்து பிரம்பு நாற்காலிகள் வாங்கினார்.

அதே சமயத்தில்தான் சொர்ணத்தின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமனார் திருவேங்கடம் ஏரிக்கரையிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி ஒரே மாதத்தில் இரண்டு தடவை தாம்பூலத்தோடு வந்தார். இரண்டாவது தடவை மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு வர லேட்டானாலும் பரவால்ல மாப்ள. நீ முன்னாடியே வந்துடணும். சாயங்காலமே வந்து குந்திடு."

காத்தவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தான். குழு வருகிற சமயத்தில் லீவா என்று தேசிகன் முகம் சுளித்தார்; பிறகு, ஊர்தான் முக்கியம், ஆள் யாராயிருந்தால் என்ன என்று சொல்லி, அவன் இடத்தில் ஆபிரகாமைப் போட்டார்.

லீவு என்றாலும் காத்தவராயனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்று டாக்டர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார். ஐம்பது குழாய்களை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். ஏரிக்கரையில் பந்தலின் கடைசியில், தண்ணீர்ப் பக்கமாக, அவனுக்குப் புதுப் பாயும் திண்டும் போட்டிருந்தார்கள். கையில் கலர் சோடா கொடுத்தார்கள். பின்னால் நெல்வயல், அதற்கு இந்தப் பக்கம் பன்றிகள் புரளும் சேறு. பொழுது சாய்ந்தது. காத்தவராயன் வாழ்நாளில் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. முழங்காலுக்குக் கீழே கறுப்புக் காலுறை போட்டதுபோல் ஆகிவிட்டது. ஒரு மணி நேரம், ஆபீஸ் முறைப்படி, உறிஞ்சி ஊதி அடைத்தான். மறுநாள் சாயங்காலமும் அதே. பந்தலில் அத்தனை பேரும் சட்டையில்லாமல் சுகமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பந்தலுக்குப் பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள் காய்ச்சலாய்ப் படுத்திருந்தார்கள். பெரியதற்குக் கழுத்து விறைத்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. போன மாதம் அந்தத் தெருவில் ஒரு பிள்ளை இப்படித்தான் போய்விட்டது என்று தாய்க்காரி சொன்னாள். காத்தவராயன் அதையும் குழாய்ச் சீட்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதிக்கொண்டான்.

இங்கே நெம்மேலியில் ஐந்து பிரம்பு நாற்காலிகளில் குழு உட்கார்ந்திருந்தது. எதிரே ஸ்டூலில் ஆபிரகாம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் பதினாறு கொசு. இரண்டாம் நாள் பதினெட்டு. ஆக முப்பத்துநாலு. ஒரு மணி நேரத்துக்கு இருநூறு என்று கட்டுரையில் எழுதியிருந்தது. அலை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கடந்து போயிருக்கலாம் என்று தேசிகன் சொன்னார். உண்ணி நிபுணர் தலையசைத்தார். அது ஆமாமா இல்லையா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை காத்தவராயன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஆபீஸுக்கு வந்து பையை வத்சலாவின் மேஜையில் வைத்தான். அவள் எண்ணி முடிக்கப் பிற்பகல் ஆனது. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.

தேசிகன் ஊசி டப்பாவோடு வரைபடத்துக்கு ஓடினார். வரைபடத்தில் அச்சரப்பாக்கம் இல்லை; அது கடற்கரை வரைபடம். ஒரு நியூஸ் பேப்பரைக் கிழித்து, ஓரத்தில் பசை தடவி ஒட்டி, உத்தேசமாக ஓர் இடத்தில் ஊசியைக் குத்தினார். அலை மேற்கே திரும்பி நிலத்தின் வழியாக ஐம்பது கிலோமீட்டர் தாவியிருக்கிறது என்று குழுவுக்கு விளக்கத் தொடங்கினார். அப்போதுதான் உண்ணி நிபுணர் முதல் முறையாக வாயைத் திறந்து, இந்தக் குழாய்களைப் பிடித்தது யார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

வத்சலா இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய தாளை எடுத்தாள். காத்தவராயன் பத்து மாதமாக எந்தெந்த ஊரில் உட்கார்ந்தான் என்று சுற்றுப்பயணக் குறிப்பைப் பார்த்து அதில் புள்ளி வைத்திருந்தாள். அதை வரைபடத்தின் மேல் வைத்துப் பிடித்தாள். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு சிவப்பு ஊசி இருந்தது.

எல்லோரும் திரும்பிக் காத்தவராயனைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற காத்தவராயன், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து, "லீவு லெட்டர் எழ்திக் குத்துட்டுத்தான் போனன் சார்" என்றான்.

அளந்து பார்க்காமல் தேசிகன் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அளப்பது என்று முடிவானது. அன்று சாயங்காலம் நெம்மேலிக் கரையில் முப்பது முப்பது அடி இடைவெளி விட்டு ஐந்து இடங்களைக் குறித்தார்கள். முதலில் ஒரு பசுமாடு. இந்த வயல்கொசு மனிதனைவிட மாட்டைத்தான் அதிகம் நாடும். அடுத்து கூண்டில் ஒரு பன்றி. மூன்றாவது, புகை கக்குகிற உலர்பனிக்கட்டி, ஒரு பெட்டியில். மூச்சுக்காற்று என்று நினைத்துக் கொசு அதற்கு ஏமாறும். நாலாவது ஆபிரகாம். ஐந்தாவது காத்தவராயன். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் இடத்தின் கோளாறு என்று ஆகிவிடும். மாட்டை ஓட்டிக்கொண்டும் பன்றிக் கூண்டைத் தூக்கிக்கொண்டும் ஆபீஸே குறுக்கும் நெடுக்கும் நடந்தது. நெம்மேலி மொத்தமும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. சொர்ணம் மீன் கூடையோடு வந்து நின்றாள்.

முதல் மாற்றத்தின்போது மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. பிடிக்க ஓடினார்கள். அது எங்கும் போகவில்லை. நேராகப் போய்க் காத்தவராயன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அசை போட ஆரம்பித்தது. வால்கூட ஆட்டவில்லை. இரண்டு முறை இழுத்துக்கொண்டு போய்க் கட்டினார்கள். இரண்டு முறையும் திரும்பி வந்தது. அதற்குள் குழுவின் நாற்காலிகளும் கொஞ்சம் கொஞ்சமாக இடம்பெயர்ந்திருந்தன. முடிகிற நேரத்தில் ஐந்து நிபுணர்களும் ஒரு மாடும் காத்தவராயனைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

மூன்று சாயங்காலம் இப்படி நடந்தது. மணிக்கு ஆபிரகாம் பதினேழு. பனிக்கட்டி இருபத்திரண்டு. பன்றி நாற்பது. மாடு, கட்டி நின்ற நேரத்தில், எழுபது. காத்தவராயன் நூற்றுத் தொண்ணூறு.

மறுநாள் காலை வத்சலா வந்தபோது தேசிகன் வரைபடத்திலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். மேஜையில், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிய கடிதம், கையெழுத்தோடு.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார். "அட்டவணை போட்டதே நான்தான், பாரு."

அப்புறம் உட்கார்ந்து பத்து மாதத்துக் கணக்கையும் புதிதாகப் போட்டார்கள். காத்தவராயன் பிடித்ததையெல்லாம் பதினொன்றால் வகுக்க வேண்டும். அந்தப் பதினொன்றுக்குக் 'காத்தவராயன் கெழு' என்று உண்ணி நிபுணர் பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். வகுத்ததும் கடற்கரை முழுக்க ஒரே மட்டமாகிவிட்டது. அலையும் இல்லை, படையும் இல்லை. ஒரே ஓர் எண் மட்டும் அடங்கவில்லை. கல்யாண வீட்டுக் கொசு, பதினொன்றால் வகுத்த பிறகும் நூற்று நாலு. அதே இரண்டு நாளில் நெம்மேலியில் கிடைத்ததைப்போல் மூன்று மடங்கு.

வத்சலா குழாய்ச் சீட்டைத் திருப்பி, பின்னால் பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

அந்தக் கொசுக்களை ஐம்பது ஐம்பதாக அரைத்துச் சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். நாலாம் நாள் குட்டிகள் நடுங்க ஆரம்பித்தன. வடக்கே பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மூளைக்காய்ச்சல் வைரஸ் என்று தந்தி வந்தது. தந்தி வரும்வரை தேசிகன் காத்திருக்கவில்லை. குட்டிகள் நடுங்கிய அன்றே ஜீப்பை ஏரிக்கரைக்கு விட்டுவிட்டார். பன்றியில் பெருகி, கொசுவில் ஏறி, பிள்ளைகளுக்கு வருகிற காய்ச்சல் அது. பன்றிகளை ஏரிக்கு அப்பால் கொண்டுபோகச் சொல்லி வீடு வீடாக நின்று பேசினார். ஊர் முதலில் அடிக்க வந்தது. எமர்ஜென்சி காலம், ஜீப்பைக் கண்டால் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் என்று ஆண்கள் வயலுக்குள் ஓடினார்கள். திருவேங்கடம்தான், இது நம்ம மாப்பிள்ளையின் ஆபீஸ் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். கொசுவலைகள் கொடுத்தார்கள். காய்ச்சலில் இருந்த இரண்டு பிள்ளைகளில் சின்னது எழுந்து நடந்தது. பெரியது பிழைத்தது, ஆனால் இடது கால் சரியாகவில்லை. அந்த மழைக்காலத்தில் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் படுக்கவில்லை.

காத்தவராயன் இந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்ளவில்லை. பரிசோதனை முடிந்த அன்றிலிருந்து அவன் ஒரு யோசனையிலேயே இருந்தான். பேசுகிற ஆள் பேச்சைக் குறைத்துவிட்டான். நாலு நாள் கழித்து, சொர்ணம் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஏய். எல்லாரும் கூப்ட்டாங்களே, காதுகுத்து, கல்யாணம்னு. எல்லாம் இதுக்குத்தானா?"

"எதுக்கு?"

"கொசுக்கு."

சொர்ணம் கத்தியைக் கீழே வைத்தாள். "பின்ன இன்னா, உன் பேச்சக் கேக்கவா? ஊருக்கே தெரியும். உனுக்குத் தெரியும்னுதான் நானும் நெனச்சிக்கினு இருந்தன்."

"உங்கப்பன் ரெண்டு தபா பஸ் ஏறி வந்தாரே."

"அவுரும்தான்."

"நீ?" என்று கேட்டான்.

"மொதல்ல மூணு நாளு அதுக்குத்தான்" என்றாள் சொர்ணம். "அப்பால பழகிப்புட்ச்சி."

அதற்குப் பிறகு குப்பத்தில் எந்த விசேஷத்துக்கும் அவன் போகவில்லை. தை மாதத்தில் ஒரு காதுகுத்து. மூன்று முறை ஆள் வந்தது. தோள் வலி என்றான். பந்தலில் உட்கார முடியாமல் பாதிப் பேர் எழுந்து போனார்கள், பிள்ளை வீங்கிய முகத்தோடு அழுதது. மறுவாரம் பஞ்சாயத்தே அவன் வீட்டுக்கு வந்தது. வருகிறேன், ஆனால் ஓரத்தில் உட்கார மாட்டேன் என்றான் காத்தவராயன். நாற்காலி பந்தலுக்கு நடுவில் போட வேண்டும், பேசும்போது குறுக்கே எழுந்து போகக்கூடாது. ஒத்துக்கொண்டார்கள். அப்படித்தான் அந்தக் குப்பத்தில் விசேஷங்கள் வட்டமாக நடக்க ஆரம்பித்தன. நடுவில் காத்தவராயன், மடியில் பிள்ளை, சுற்றிலும் ஜனம். அவன் பேச்சு முன்னைவிட நீண்டது.

எழுபத்தேழில் டெல்லியில் ஆட்குறைப்பு. கொசு பிடிப்பவர் பதவி ஆறும் ரத்து. ஆபிரகாம் கோவளத்துக்குப் போய்விட்டார். காத்தவராயனை மட்டும் விடக்கூடாது, கெழு இல்லாமல் பழைய கணக்கைப் புதுக் கணக்கோடு ஒப்பிட முடியாது என்று தேசிகன் எட்டுக் கடிதம் எழுதினார். ஒன்பதாவது மாதம் பதில் வந்தது. பதவிக்கு வழியில்லை, ஆனால் நுண்ணோக்கி, குளிர்பெட்டி இவற்றோடு 'தரப்படுத்திய இரை, மனிதன், எண்ணிக்கை ஒன்று' என்று தளவாடப் பட்டியலில் சேர்த்து, பராமரிப்புச் செலவு என்று படி கொடுத்துக்கொள்ளலாம்.

அதனால் இரண்டு வருஷம் காத்தவராயன் தளவாடமாக இருந்தான். ஒவ்வொரு மார்ச் மாதமும் பார்த்தசாரதி என்று ஒரு குமாஸ்தா பட்டியலோடு வந்து சரிபார்ப்பார். நாற்காலி, மேஜை, குளிர்பெட்டி, காத்தவராயன். சர்க்கார் பொருள் எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. முதல் வருஷம் பார்த்தசாரதி பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக அவன் முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசியில் அவன் தோள்பையில் எழுதிவிட்டு, நேரில் பார்த்தேன், நல்ல நிலையில் உள்ளது என்று கையெழுத்துப் போட்டார். சொர்ணத்துக்கு அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லி காத்தவராயன் வத்சலாவிடம் கேட்டுக்கொண்டான்.

எழுபத்தொன்பது கடைசியில் ஆபீஸை அஸ்ஸாமுக்கு மாற்றினார்கள். தளவாடங்கள் எல்லாம் லாரியில் போகவேண்டும் என்று உத்தரவு. காத்தவராயன் போக மறுத்துவிட்டான். அப்படியானால் பட்டியலிலிருந்து கழிக்க வேண்டும். கழிக்க ஒரு காரணம் வேண்டும். 'உபயோகமற்றது' என்று எழுத பார்த்தசாரதி பேனாவைத் திறந்தார். வத்சலா காகிதத்தை வாங்கிக்கொண்டு, 'சொந்த வீடு உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். டெல்லியிலிருந்து யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

லாரி போன மறுநாள் தேசிகன் குப்பத்துக்கு நடந்து வந்தார். வீட்டு வாசலில் ஒரு பத்திரிகையை நீட்டினார். செங்கல்பட்டில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம், அடுத்த மாதம்.

காத்தவராயன் வாங்கவில்லை. "மண்டபத்துல ஃபேன் கீதா சார்?" என்று கேட்டான்.

தேசிகனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. யோசித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினாலு இருக்கு" என்றார். "ஜன்னலுக்கெல்லாம் வலையும் அடிச்சிருக்கான்."

"அப்ப கொசு வராதே சார்."

"வராது."

காத்தவராயன் கையைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கினான்.

கல்யாணத்துக்கு அவனும் சொர்ணமும் முதல் பஸ்ஸிலேயே போனார்கள். காத்தவராயன் மூன்றாவது வரிசையில், சுழலும் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பெரியவர், நீங்கள் பெண் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார்.

"கூட வேல செஞ்சவன்" என்றான் காத்தவராயன். என்ன வேலை என்று அவர் கேட்டதும் நாற்காலியைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பிக்கொண்டான். முகூர்த்தம் முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். பந்தியில் பாயசம் மூன்று முறை வாங்கினான். நாலாவது முறைக்குச் சொர்ணம் முறைத்ததால் வேண்டாம் என்று இலையை மூடினான்.